கத்திக்கு முன் கைச்சுத்தம்: சத்திரசிகிச்சையும் தொற்றுநீக்கலும்

சத்திரசிகிச்சை என்றதும் எம்மவர் மனதில் முதலில் எழுவது கத்தியும் அதனைக் கையாளும் நிபுணரின் திறமையுமே. 'கைராசிக்காரர்' என்று ஒரு வைத்தியரைப் போற்றும் வழக்கம் எமது கிராமங்களில் இன்றும் உண்டு. ஆனால் வைத்திய வரலாற்றை உற்றுநோக்கினால் ஓர் உண்மை புலப்படும். சத்திரசிகிச்சையின் பின்னர் நோயாளி வீடு திரும்புவாரா என்பதை நெடுங்காலமாகத் தீர்மானித்தது கத்தியின் கூர்மையன்று. அந்தக் கத்தியும் அதனைப் பிடித்த கையும் எவ்வளவு சுத்தமாக இருந்தன என்பதே அதனைத் தீர்மானித்தது. 'கைராசி' என்று நாம் அழைப்பதில் பெரும்பகுதி கைச்சுத்தமே.

இந்த உண்மையை உலகம் கண்டறிந்த கதைக்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் இடையே ஆண்டுக்கணக்கில் ஒரு வியப்பான ஒற்றுமை உண்டு. அதனை நினைவுகூருவதோடு, இன்று வைத்தியசாலைகளிலும் வீடுகளிலும் நாம் எங்கே நிற்கிறோம் என்பதையும் சிந்திப்பது பயனுடையதாகும்.

1847: வியன்னாவும் யாழ்ப்பாணமும்

அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், அமெரிக்க இலங்கை மிஷனின் பணிக்காக யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது 1847ஆம் ஆண்டிலாகும். வட்டுக்கோட்டையில் சிறிது காலம் பணியாற்றிய அவர், 1848இல் மானிப்பாயில் தமது வைத்தியப் பணியையும் மாணவர்களுக்கான வைத்தியக் கல்வியையும் ஆரம்பித்தார். கொழும்பு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது 1870இல். அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்னரே மானிப்பாயில் மேலைத்தேய வைத்தியம் முறையாகக் கற்பிக்கப்பட்டது என்பது எமது மண்ணுக்குரிய பெருமை.

கிறீன் யாழ்ப்பாணம் வந்த அதே 1847இல், ஒஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவின் பொது வைத்தியசாலையில் இக்னாஸ் செமல்வைஸ் என்ற இளம் வைத்தியர் ஒரு பெரும் புதிரோடு போராடிக்கொண்டிருந்தார். அங்கு இரண்டு பிரசவ விடுதிகள் இருந்தன. ஒன்றில் வைத்தியர்களும் வைத்திய மாணவர்களும் பிரசவம் பார்த்தனர். மற்றையதில் மருத்துவிச்சிகள் பார்த்தனர். 1846இல் வைத்தியர்களின் விடுதியில் நூற்றுக்கு 11க்கு மேற்பட்ட தாய்மார் பிரசவக் காய்ச்சலால் இறந்தனர். மருத்துவிச்சிகளின் விடுதியிலோ இறந்தவர்கள் நூற்றுக்கு 3க்கும் குறைவு. படித்தவர்கள் கைபட்ட இடத்தில் மரணம் அதிகம்; ஏட்டறிவு குறைந்தவர்கள் கைபட்ட இடத்தில் குறைவு. ஏன்?

1847 மார்ச்சில் செமல்வைஸின் நண்பரான கொலெச்சா என்ற வைத்தியர், பிரேத பரிசோதனையின்போது விரலில் ஏற்பட்ட கத்திக் காயத்தினால் இறந்தார். அவரது உடலில் காணப்பட்ட மாற்றங்கள் பிரசவக் காய்ச்சலால் இறந்த தாய்மாரின் உடல்களில் காணப்பட்டவற்றையே ஒத்திருந்தன. செமல்வைஸுக்குப் புதிர் அவிழ்ந்தது. பிணவறையில் வேலை செய்த கைகளோடு வைத்தியர்கள் நேரே பிரசவ விடுதிக்குச் செல்கிறார்கள். மரணத்தை அவர்களே கைகளில் சுமந்து செல்கிறார்கள். அவ்வாண்டு மே மாத நடுப்பகுதியிலிருந்து, குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கைகளைக் கழுவிய பின்னரே தாய்மாரைத் தொட வேண்டுமென அவர் கட்டளையிட்டார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த மரண விகிதம் ஜூனில் 2 அளவிற்கும் ஜூலையில் 1 அளவிற்கும் வீழ்ந்தது.

எமது கிணறுகளில் மழைவெள்ளம் கலந்துவிட்டால் பொது சுகாதாரப் பரிசோதகர் வந்து வெளிற்றும் தூள் இடுவதை நாம் கண்டிருக்கிறோம். செமல்வைஸ் பயன்படுத்தியதும் ஏறத்தாழ அதே பொருள்தான். விலையுயர்ந்த மருந்து எதுவும் அங்கு தேவைப்படவில்லை.

ஆயினும் அவரைச் சக வைத்தியர்களில் பலர் ஏற்கவில்லை. தங்கள் கைகளே நோயைப் பரப்பின என்பதை ஒப்புக்கொள்ள கற்றோரின் கௌரவம் இடமளிக்கவில்லை. நோய்க்கிருமி என்ற ஒன்றை அக்காலத்தில் எவரும் நிரூபித்திருக்கவுமில்லை. மனமுடைந்த செமல்வைஸ் 1865 ஓகஸ்ட் 13ஆம் திகதி மனநோயாளர் இல்லமொன்றில், அழுகிய புண்ணிலிருந்து பரவிய தொற்றினால் இறந்தார். எந்தக் கொடுமையை எதிர்த்துப் போராடினாரோ அதுவே அவரையும் கொண்டுசென்றது.

1867: கிளாஸ்கோவும் மானிப்பாயும்

செமல்வைஸ் இறப்பதற்கு முதல் நாள், 1865 ஓகஸ்ட் 12இல், ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகர வைத்தியசாலையில் ஜோசப் லிஸ்ரர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 11 வயதுச் சிறுவன் ஒருவனுக்குச் சிகிச்சையளித்தார். வண்டிச் சக்கரம் ஏறியதால் அவனது கால் எலும்பு முறிந்து தோலும் கிழிந்திருந்தது. அக்காலத்தில் இத்தகைய காயம் சீழ்பிடித்து, காலையோ உயிரையோ பறிப்பது வழக்கம். உணவும் பானமும் புளித்துக் கெடுவது நுண்ணுயிர்களால் என்ற லூயி பாஸ்ரரின் ஆய்வைப் படித்திருந்த லிஸ்ரர், புண் அழுகுவதும் அதே காரணத்தினால்தான் இருக்கவேண்டுமெனக் கருதினார். காபோலிக் அமிலத்தில் நனைத்த துணியால் அச்சிறுவனின் காயத்தை மூடினார். சீழ் பிடிக்கவில்லை. ஆறு வாரங்களில் எலும்பு பொருந்தியது. 1867இல் அவர் தமது முடிவுகளை 'லான்செற்' சஞ்சிகையில் வெளியிட்டார். அவரது விடுதியில் கை கால்களை அகற்றும் சத்திரசிகிச்சைக்கு உட்பட்டோரில் முன்னர் 35 பேரில் 16 பேர் இறந்தனர். புதிய முறையைக் கைக்கொண்ட பின்னர் 40 பேரில் 6 பேரே இறந்தனர்.

அதே 1867ஆம் ஆண்டில் மருத்துவர் கிறீனின் 'இரண வைத்தியம்' தமிழில் அச்சேறியது. அது றொபேட் ட்றூயிற் ஆங்கிலத்தில் எழுதிய புகழ்பெற்ற சத்திரசிகிச்சை நூலின் தமிழாக்கம். அந்த ஆங்கில நூல் லிஸ்ரரின் கண்டுபிடிப்புக்கு நெடுங்காலம் முன்னரே எழுதப்பட்டது. எனவே உலகின் சத்திரசிகிச்சை அறிவு பழைய கரையிலிருந்து புதிய கரைக்குத் தாவிய அதே ஆண்டில் யாழ்ப்பாணத்தவர் தமது சொந்த மொழியில் அத்துறையின் நூலொன்றைக் கையில் ஏந்தியிருந்தனர்.

கிறீன் 1860களில் தமது மாணவர்களுக்குத் தமிழிலேயே வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். உடற்கூறு, மகப்பேறு, இரசாயனம், உடற்றொழிலியல் எனப் பல துறை நூல்கள் அவரது மேற்பார்வையில் தமிழுக்கு வந்தன. 1872இல் வெளிவந்த 'மனுஷ அங்காதிபாதம்' அவற்றுள் ஒன்று. தொழிலறிவு மக்களின் மொழியில் இருந்தால்தான் அது கிராமத்தின் வாசற்படி வரை செல்லும் என்பது அவரது உறுதியான எண்ணம். சுத்தத்தைப் பொறுத்தவரை இது முற்றிலும் உண்மை. மருந்தின் பெயர் நோயாளிக்குத் தெரியாவிட்டாலும் மருந்து வேலை செய்யும். ஆனால் சுத்தம் அவ்வாறன்று. அதன் காரணம் விளங்காதவரிடத்தில் அது நிலைக்காது. கிறீன் 1873இல் யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்று 1884இல் காலமானார். மானிப்பாயின் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை அவரது பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென 1898இல் இணுவிலில் திறக்கப்பட்ட மக்லியொட் வைத்தியசாலை அதே மரபின் அடுத்த படி.

கொல்லுவதும் தடுப்பதும்

லிஸ்ரர் செய்தது தொற்றுநீக்கல். அதாவது காயத்துக்குள் வந்துவிட்ட அல்லது வரக்கூடிய கிருமிகளை இரசாயனப் பொருளால் கொல்வது. அடுத்த தலைமுறை இதிலும் ஒரு படி முன்னேறியது. கிருமியை உள்ளே விட்டபின் கொல்வதைவிட, அது காயத்தை அண்டவே விடாதிருப்பது மேலல்லவா? இதுவே கிருமியற்ற நிலையில் சத்திரசிகிச்சை செய்யும் முறை. 1880களிலிருந்து கருவிகளும் துணிகளும் நீராவியில் அவிக்கப்பட்டன. 1890ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் இறப்பர் கையுறை புழக்கத்துக்கு வந்தது. இரசாயனக் கரைசலால் கைத்தோல் புண்ணாகிய தாதி ஒருவருக்காகவே அது முதலில் செய்விக்கப்பட்டது. 1897இல் முகக்கவசம் வந்தது.

இன்று குடாநாட்டின் எந்தச் சத்திரசிகிச்சைக் கூடத்திலும் இவ்விரு முறைகளும் இணைந்தே இயங்குகின்றன. நோயாளியின் தோலை அவிக்க முடியாது. ஆகவே அதன்மீது தொற்றுநீக்கி பூசப்படுகிறது. கருவிகளை அவிக்க முடியும். ஆகவே அவை ஓட்டோகிளேவ் எனப்படும் அழுத்த நீராவிக் கலனில் 121 பாகை செல்சியஸ் வெப்பத்தில் குறைந்தது 15 நிமிடங்களேனும் வைக்கப்படுகின்றன. கொதிநீர் போதாதா என்று சிலர் கேட்கலாம். போதாது. ஏற்புவலியை உண்டாக்கும் பக்ரீரியா, தன்னைச் சுற்றிக் கடினமான உறையை அமைத்து வித்தாக மாறக்கூடியது. கொதிநீரிலும் அது தாக்குப்பிடிக்கும். சாணமும் தழையும் இட்டுப் பண்படுத்திய தோட்ட மண்ணில் இவ்வித்துகள் வாழ்வது இயல்பு. மண்வெட்டி காலில் பட்ட விவசாயிக்கு ஏற்பூசி போடப்படுவதும் இக்காரணம் பற்றியே.

மற்றொரு முக்கிய விதியையும் குறிப்பிட வேண்டும். அழுக்குப் படிந்த காயத்தை உடனே தைத்து மூடிவிடலாகாது. மண்ணும் துணித்துண்டும் இறந்த தசையும் உள்ளே இருக்கத் தைத்தால், காற்றில்லா இடத்தில் வளரும் கிருமிகளுக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்தவர்களாவோம். எனவே நன்கு கழுவி, இறந்த தசையை அகற்றி, திறந்தபடி கட்டி, சில நாட்களின் பின்னர் சுத்தமாக இருப்பதை உறுதிசெய்தே தைப்பர். 'இன்னும் தைக்கவில்லையே' என்று வைத்தியரிடம் சினம் கொள்ளும் உறவினர்கள் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும். எறிகணையாலும் மிதிவெடியாலும் காயமுற்ற ஆயிரக்கணக்கானோரை இம்முறையே காப்பாற்றியது.

சவர்க்காரமும் தடைசெய்யப்பட்ட காலம்

சுத்தம் என்பது விருப்பத்தினால் மட்டும் வருவதன்று. அதற்கு நீரும் சவர்க்காரமும் மின்சாரமும் வேண்டும். இதனை யாழ்ப்பாண மக்களைவிட நன்கறிந்தோர் குறைவு. 1990க்கும் 1995க்கும் இடைப்பட்ட பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயும் மின்கலமும் மட்டுமன்றிச் சவர்க்காரமும் கட்டுப்பாட்டுக்குள்ளானது. பனம்பழத்தைப் பிசைந்து துணி துவைத்த தலைமுறை இன்றும் எம்மிடையே வாழ்கிறது. மின்சாரம் துண்டிக்கப்பட்ட குடாநாட்டில், எண்ணி எண்ணிச் செலவிட்ட எரிபொருளைக் கொண்டு மின்பிறப்பாக்கியை இயக்கிச் சத்திரசிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. 1990இல் சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு யாழ். போதனா வைத்தியசாலையைத் தனது பாதுகாப்பின்கீழ் கொண்டுவந்தது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பினர் பருத்தித்துறையில் பணியாற்றினர். வெளியிலிருந்து வந்தவர்களோடு, உள்ளூர் வைத்தியர்களும் தாதியரும் சிற்றூழியர்களும் கருவிகளை மீண்டும் மீண்டும் கழுவி அவித்து அக்காலத்தைக் கடந்தனர்.

அதே 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் தமது வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அவர்களில் பெரும்பாலானோர் புத்தளத்தின் ஓலைக் கொட்டில்களில், போதிய நீரும் மலசலகூடமும் இன்றி ஆண்டுக்கணக்கில் வாழ நேர்ந்தது. நாளொன்றுக்கு ஐந்து வேளை அங்கசுத்தி செய்யும் ஒரு சமூகம் ஒரு வாளி நீருக்குக் காத்துநின்றது. பிரசவித்த தாயும் காயமுற்ற பிள்ளையும் அத்தகைய சூழலில் எத்துணை இடருக்குள்ளாவர் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இரு சமூகங்களும் வெவ்வேறு விதமாக அனுபவித்த ஒரே பாடம் இது: நீரையும் சவர்க்காரத்தையும் மறுப்பது, காயம்பட்டவருக்கு மருந்தை மறுப்பதற்கு ஒப்பானது.

போர் முடிந்த பின்னரும் அந்த அபாயம் முற்றாக நீங்கவில்லை. நாட்டின் பொருளாதாரம் சரிந்த 2022இல் மருந்துத் தட்டுப்பாட்டினால் பேராதனைப் போதனா வைத்தியசாலை திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை இடைநிறுத்த நேர்ந்தது. 2023 ஏப்ரலில் நுவரெலியாவில் கண்புரைச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட சிலருக்கு, பின்னர் இடப்பட்ட இறக்குமதிச் சொட்டு மருந்தினால் கண்ணில் தொற்று ஏற்பட்டுப் பார்வை பாதிக்கப்பட்டது. சத்திரசிகிச்சைக் கூடம் எவ்வளவு சுத்தமாக இருப்பினும், கண்ணில் விடும் ஒரு துளி அசுத்தமாயின் அனைத்தும் வீணே. சுத்தம் என்பது ஒரு சங்கிலி. அதன் பலம் அதன் மிகவும் நலிந்த கண்ணியின் பலமே.

ஆசாரமும் சுத்தமும் ஒன்றல்ல

'நாம் சுத்தத்துக்குப் பெயர்பெற்ற மக்கள்' என்று இரு சமூகத்தவரும் பெருமை கொள்வதுண்டு. அதில் நியாயமும் உண்டு. காலையில் கிணற்றடியில் முழுகாமல் அடுப்படிக்குள் நுழையாத தாய்மாரை நாம் அறிவோம். தூய்மையை ஈமானின் பகுதியாகக் கொண்டு வுழூச் செய்து தொழும் மக்களையும் அறிவோம். மஞ்சளும் வேப்பிலையும் எமது வீடுகளில் நெடுங்காலமாக இடம்பெற்றவை. மத்திய காலத்தில் கோர்டோபா நகரில் வாழ்ந்த அல் சஹ்ராவி சத்திரசிகிச்சைக் கருவிகளைப் படங்களோடு விவரித்து எழுதிய நூல் ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் பாடநூலாக விளங்கியது. அதற்கும் முன்னர் சுஸ்ருதரின் மரபு இந்தியாவில் தழைத்திருந்தது.

எனினும் ஆசாரம் வேறு, கிருமியற்ற சுத்தம் வேறு என்பதைத் தெளிவாக உணர வேண்டும். ஆசாரம் கண்ணுக்குத் தெரியும் அழுக்கையும் வழக்கம் வகுத்த தீட்டையும் பார்க்கிறது. சத்திரசிகிச்சையின் சுத்தமோ கண்ணுக்குத் தெரியாததைப் பற்றியது. துடக்கென்று தாயைத் தனி மூலையில் ஒதுக்கிவிட்டு, தொப்புள்கொடியைக் கண்ட பிளேட்டினால் அறுத்த காலமும் எம்மிடையே இருந்தது. பிறந்து ஒரு வாரத்தில் ஏற்புவலி கண்டு குழந்தை இறந்தால் அதற்குப் பேயையும் நாவூறையும் காரணம் காட்டினோம். கர்ப்பிணித் தாய்மாருக்கு ஏற்பூசி போடப்பட்டதும், பயிற்றப்பட்ட குடும்பநல மாதுக்களின் கையில், பின்னர் வைத்தியசாலைகளில், பிரசவம் நிகழத் தொடங்கியதுமே அந்த மரணங்களை நிறுத்தின.

இன்னுமொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சுத்தத்தை உயர்வாகப் போற்றிய எமது சமூகம் சுத்தம் செய்யும் மனிதரைத் தாழ்வாக வைத்தது. விடுதியின் தரையைக் கழுவுபவர், இரத்தம் தோய்ந்த துணிகளை வெளுப்பவர், கருவிகளைத் தேய்த்து நீராவிக் கலனில் அடுக்குபவர் ஆகியோரின் கைகளில்தான் சத்திரசிகிச்சையின் பாதி வெற்றி தங்கியுள்ளது. நிபுணருக்கு மாலை சூட்டும் நாம் இவர்களின் முகத்தையும் பார்ப்பதில்லை. இவர்களுக்கு முறையான பயிற்சியும் தடித்த கையுறையும் தடுப்பூசியும் நியாயமான வேதனமும் மரியாதையும் கிடைக்காத வைத்தியசாலையில் எவ்வளவு விலையுயர்ந்த கருவியைக் கொண்டுவந்து நிறுவினாலும் தொற்று ஒழியாது.

வீட்டிலும் நடக்கும் சத்திரசிகிச்சைகள்

சத்திரசிகிச்சை வைத்தியசாலையில் மட்டும் நடப்பதென்று எண்ணுவது தவறு. குழந்தைக்குக் காது குத்துவதும் தோலைத் துளைக்கும் செயலே. சிறுவர்களுக்குச் செய்யப்படும் சுன்னத்து தெளிவாகவே ஒரு சத்திரசிகிச்சை. பரம்பரை ஒஸ்தாமார் பலர் மிகுந்த கைத்தேர்ச்சி உடையவர்களாக விளங்கினர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் கைத்தேர்ச்சி கிருமியைக் கொல்லாது. ஒரே கத்தியால் அடுத்தடுத்துப் பல பிள்ளைகளுக்குச் செய்யும்போது சீழ்பிடித்தல் மட்டுமன்றி ஈரல் அழற்சி போன்ற குருதிவழித் தொற்றுகளும் பரவலாம். இன்று பெற்றோர் பலர் வைத்தியர்களை நாடுவது வரவேற்கத்தக்கது. காது குத்துவதாயினும், தலைமுடி மழிப்பதாயினும், சுன்னத்தாயினும், அவித்த அல்லது ஒருமுறை மட்டுமே பயன்படுத்தும் கருவியைக் கேட்டுப் பெறுவது பெற்றோரின் உரிமையும் கடமையுமாகும். காயத்தின் மீது கோப்பித்தூள், சுண்ணாம்பு, புகையிலை, சாம்பல் போன்றவற்றை அப்புவதை அறவே தவிர்க்க வேண்டும். ஓடும் சுத்தமான நீரும் சவர்க்காரமுமே முதலுதவி.

முஸ்லிம் வாசகர் சிலருக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. வைத்தியசாலைகளில் கைகளில் பூசும் திரவத்தில் மதுசாரம் கலந்திருக்கிறதே, அது ஆகுமானதா என்பதே அது. மக்காவைத் தலைமையகமாகக் கொண்ட உலக முஸ்லிம் லீக்கின் மார்க்க அறிஞர் சபை, காயத்தைச் சுத்திகரிக்கவும் கிருமிகளைக் கொல்லவும் மதுசாரத்தை வெளிப்பூச்சாகப் பயன்படுத்தலாமென 2002இல் தீர்ப்பளித்துள்ளது. உலக சுகாதார நிறுவனம் தனது கைச்சுத்த வழிகாட்டியிலும் அதனை எடுத்துக்காட்டியுள்ளது. எனவே விடுதி வாசலில் வைக்கப்பட்டிருக்கும் அத்திரவத்தைத் தயங்காது பயன்படுத்தலாம்.

நோயாளியும் உறவினரும் செய்ய வேண்டியவை

குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் சத்திரசிகிச்சைக்கு உட்படுவோரில் நூற்றுக்கு 11 பேருக்குத் தொற்று ஏற்படுவதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் எடுத்துரைத்தது. இவற்றுள் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியது. காயத்துக்குள் புகும் கிருமிகள் அநேகமாக நோயாளியின் சொந்தத் தோலிலும் மூக்கிலும் குடலிலும் வாழ்பவையே. ஆதலால் தொற்றைத் தடுக்கும் பணியில் நோயாளிக்கும் பங்குண்டு.

சத்திரசிகிச்சைக்கு முன்னர் சவர்க்காரமிட்டு முழுகி, தோய்த்து உலர்த்திய உடை அணிய வேண்டும். சத்திரசிகிச்சை செய்யும் இடத்து உரோமத்தை வீட்டிலேயே பிளேட்டினால் மழித்துக்கொண்டு செல்வது நல்லதென்று பலர் எண்ணுகின்றனர். அது தீங்கானது. பிளேட் ஏற்படுத்தும் நுண்ணிய கீறல்கள் கிருமிகளுக்கு வாசலாகும். அவசியமாயின் வைத்தியசாலையில் அதற்கென உள்ள கருவியால் கத்தரிப்பர். நீரிழிவு உள்ளவர்கள் குருதியிலுள்ள சீனியின் அளவைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர வேண்டும். புகைப்பவர்கள் சில வாரங்களுக்கு முன்னரே அதனை நிறுத்த வேண்டும். உடலில் எங்காவது கட்டு, சிரங்கு, பற்சீழ் இருப்பின் மறைக்காது கூற வேண்டும்.

சத்திரசிகிச்சையின் பின்னர் நோயாளியைப் பார்க்க ஊரே திரண்டு செல்வது எமது பாசத்தின் அடையாளம். ஆனால் அந்தப் பாசமே தொற்றின் வாகனமாகலாம். பார்வை நேரத்தில் ஓரிருவர் மட்டும் செல்லலாம். கட்டிலில் அமராதிருக்கலாம். தொடுவதற்கு முன்னும் பின்னும் கைகழுவலாம். தடிமனும் இருமலும் உள்ளவர் தொலைபேசியில் நலம் விசாரிப்பதே உண்மையான அன்பு. காயத்தின் கட்டைத் திறந்து 'எப்படி இருக்கிறது' என்று பார்ப்பதும், விரலால் தொட்டுப் பார்ப்பதும் கூடாது. வீடு திரும்பிய பின்னர் காயம் சிவந்து வீங்கினாலோ, வலி கூடினாலோ, நீரோ சீழோ வடிந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். சிசேரியன் சத்திரசிகிச்சை செய்துகொண்ட தாய்மார் வீட்டு வேலையில் மூழ்கி இவ்வறிகுறிகளை அலட்சியம் செய்வது அபாயகரமானது.

அன்ரிபயோற்றிக் மருந்து இருக்கும்போது இவ்வளவு சுத்தம் எதற்கு என்று கேட்போர் உண்டு. அம்மருந்துகள் சுத்தத்துக்கு மாற்றீடல்ல. வைத்தியரின் பரிந்துரையின்றி மருந்தகத்தில் வாங்கி, இரண்டு நாள் விழுங்கி, காய்ச்சல் விட்டதும் நிறுத்தும் பழக்கத்தால் கிருமிகள் மருந்தை எதிர்க்கப் பழகிவருகின்றன. சத்திரசிகிச்சைக்குப் பின்னர் நீண்ட நாள் 'பாதுகாப்புக்காக' அவற்றைத் தொடர்வதையும் உலக சுகாதார நிறுவனம் ஊக்குவிப்பதில்லை. தகுந்த நேரத்தில், வெட்டுக்குச் சற்று முன்னர் கொடுக்கப்படும் மருந்தே பெரும்பாலும் போதுமானது. மருந்துகள் பயனற்றுப்போகும் நாளில் நாம் மீண்டும் செமல்வைஸின் காலத்துக்கே திரும்பிவிடுவோம். அப்போது எமக்கு எஞ்சியிருப்பது கைச்சுத்தம் ஒன்றே.

கேள்வி கேட்பது குற்றமல்ல

சத்திரசிகிச்சைக்கு முன்னரும் பின்னரும் ஒரு சிறிய பட்டியலை வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறிமுகப்படுத்தியது. நோயாளி யார், எந்தப் பக்கத்தில் வெட்டு, தொற்றுத்தடுப்பு மருந்து கொடுக்கப்பட்டதா, கருவிகளின் கிருமிநீக்கம் உறுதிசெய்யப்பட்டதா என்பனவே அதிலுள்ள கேள்விகள். புதுடில்லி, அம்மான், மணிலா, லண்டன் உட்பட எட்டு நகரங்களின் வைத்தியசாலைகளில் இது பரீட்சிக்கப்பட்டபோது, மரண விகிதம் நூற்றுக்கு 1.5இலிருந்து 0.8ஆகவும் சிக்கல்கள் 11இலிருந்து 7ஆகவும் குறைந்தன. புதிய மருந்தோ புதிய இயந்திரமோ அங்கில்லை. இளைய தாதியும் மூத்த நிபுணரை நிறுத்திக் கேள்வி கேட்கலாம் என்ற ஒழுங்கே அங்கு வேலை செய்தது.

வியன்னாவில் தாய்மாரைக் கொன்றதில் கிருமிக்கு இருந்த பங்கில் பாதியேனும் கௌரவத்துக்கும் இருந்தது. 'படித்தவர்கள் கையில் அழுக்கு இருக்காது' என்ற எண்ணமே அங்கு இருபது ஆண்டுகளை வீணாக்கியது. எமது சமூகத்திலும் வைத்தியரைக் கடவுளுக்கு அடுத்தபடியாக வைக்கும் வழக்கம் உண்டு. மதிப்பு வேண்டியதே. ஆனால் மதிப்பு கேள்வியைத் தடுக்கக்கூடாது. 'ஐயா, கை கழுவிவிட்டீர்களா?' என்று பணிவோடு கேட்கும் நோயாளியை முகஞ்சுளிக்காது வரவேற்கும் வைத்தியரே நல்ல வைத்தியர். அக்கேள்வியைக் கேட்கத் தமிழ் போதும். வைத்தியத்தைத் தமிழில் கற்பிக்க முடியுமென மானிப்பாயில் நிரூபிக்கப்பட்டு ஒன்றரை நூற்றாண்டு கடந்துவிட்டது. வைத்தியசாலையின் ஒவ்வொரு விடுதியிலும் கைகழுவும் தொட்டியும், அதில் நீரும், அருகே சவர்க்காரமும், அதன்மேல் எளிய தமிழில் ஓர் அறிவித்தலும் இருப்பதை உறுதிசெய்வது நிர்வாகத்தின் பொறுப்பு. அதனைக் கேட்டுப் பெறுவதும் பயன்படுத்துவதும் எம் ஒவ்வொருவரின் பொறுப்பு.